மலை போன இடத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீர்... மேலூர் கல்குவாரிகளின் கதை!

சனி, ஞாயிறு லீவு கிடைத்தால் மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கொடைக்கானல்தான். வத்தலக்குண்டு தாண்டி மலையேறி, பைன் மரக்காட்டில் நாலு செல்ஃபி எடுத்து, சூடாக ஒரு பிரெட் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் பயணம் முடிந்தது. அந்தப் பைன் காடே மனிதர்கள் நட்டு வளர்த்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது.

அதே மதுரையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போனால், மனிதர்கள் உண்டாக்கிய இன்னொரு நிலப்பரப்பு இருக்கிறது. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. அங்கே குன்றுகள் கேக் வெட்டியதுபோல் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் காலடியில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. லாரி ஏறாத ராட்சதக் கற்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு, அவற்றின் இடுக்குகளில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது.

கீழவளவு, கீழையூர், ரெங்கசாமிபுரம் என்று மேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கிரானைட் குவாரிகள் விட்டுச் சென்ற மிச்சங்கள் இவை. இயந்திரங்கள் நின்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால், அந்தக் குவாரிகள் செய்த வேலை இன்னும் நிற்கவில்லை. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கதையைக் கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காஷ்மீரில் இல்லாத 'காஷ்மீர் ஒயிட்'

மதுரையை விட்டு வெளியே வந்ததும் ஒத்தக்கடையில் படுத்திருக்கும் யானையைப்போல் நீண்டு கிடக்கிறது யானைமலை. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை. அங்கிருந்து மேலூர் வரையிலும் அதைத் தாண்டியும் சமவெளியில் ஆங்காங்கே இப்படிக் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து போனபின் வெளியே தெரியும் பாறைகள் இவை. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

வெள்ளை நிறத்தில், சிவந்த மச்சம்போல் சிறு சிறு புள்ளிகளுடன் இருக்கும் ஒரு கல்லை, வீடு கட்டியவர்கள் கடைகளில் பார்த்திருப்பார்கள். 'காஷ்மீர் ஒயிட்' என்று சொல்லி விற்பார்கள். அந்தப் புள்ளிகள் கார்னெட் என்கிற தாதுமணிகள். பெயரில்தான் காஷ்மீர் இருக்கிறது, கல் பிறந்தது மேலூர் வட்டாரத்தில். அலையலையாகக் கோடுகள் ஓடும் 'கொழும்பு ஜுபரானா'வுக்கும் கொழும்புக்கும் சம்பந்தம் இல்லை. அதுவும் இந்தப் பக்கத்துக் கல்தான்.

உலகச் சந்தையில் சமையல் மேடைகளுக்கும், அலுவலகத் தரைகளுக்கும், கல்லறைகளுக்கும் இந்தக் கற்களுக்கு நல்ல விலை. மேலூர் மலைகள் ஊரை விட்டுப் போனபோது தங்கள் ஊர்ப் பெயரைக்கூட எடுத்துச் செல்லவில்லை.

ஜல்லிக் குவாரியில் பாறையை வெடிவைத்து நொறுக்கினால் போதும். கிரானைட் விஷயம் வேறு. விரிசல் இல்லாத முழுக் கல்லுக்குத்தான் மதிப்பு. அதனால் வரிசையாகத் துளைபோட்டு, வைரப் பற்கள் பதித்த கம்பி ரம்பத்தால் அறுத்து, ஒரு சிறிய அறை அளவுக்குக் கட்டம் கட்டமாக வெளியே எடுப்பார்கள். நிறம் மாறியிருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அந்தக் கல் கழிவு. இப்படித் தள்ளப்பட்ட கற்கள் மலை மலையாகக் குவிந்தன. அந்தக் குவியல்களை எங்கே கொட்டினார்கள் என்பதில்தான் பிரச்னையே தொடங்குகிறது.

தொண்டியிலிருந்து வந்த பக்தர்

இந்த மலைகளில் முதலில் உளி வைத்தவர்கள் கிரானைட்காரர்கள் அல்ல. மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது கீழவளவு பஞ்சபாண்டவர் மலை. அங்கே பாறையின் நிழலில் வழவழப்பான கற்படுக்கைகள் உள்ளன. 2,000 ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்குவதற்காக வெட்டப்பட்டவை. படுக்கையைச் செய்து கொடுத்தவர் தொண்டியைச் சேர்ந்த ஓர் அடியவர் என்று அங்குள்ள தமிழ் பிராமி எழுத்து சொல்கிறது. கடலோரத்தில் இருந்த ஒருவர், இவ்வளவு தூரம் வந்து, யாரோ ஒரு துறவி முதுகு சாய்க்க இடம் செய்து கொடுத்திருக்கிறார்.

பக்கத்தில் மீனாட்சிபுரம் மலை. மாங்குளம் கல்வெட்டுகள் என்று வரலாற்றுப் புத்தகங்கள் குறிப்பிடுவது இங்கே உள்ளவற்றைத்தான். 1882-ம் ஆண்டு ராபர்ட் சீவெல் இவற்றைக் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்கிற பாண்டிய மன்னனின் பெயரும், வெள்ளறை நிகமம் என்கிற வணிகர் குழுவின் பெயரும் அவற்றில் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி அழகர்மலையில் உப்பு விற்றவர், துணி விற்றவர், ஏர்க்கொழு விற்றவர், பொற்கொல்லர் எனப் பலரும் தங்கள் பெயரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கவனித்தால் ஒன்று புரியும். அன்றைக்கும் இந்த மலைகளுக்கு வந்தவர்களில் பலர் வியாபாரிகள்தான். அவர்களும் கல்லை வெட்டியவர்கள்தான். ஆனால், ஒரு மனிதன் படுக்கும் அளவுக்கு வெட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்தின் ஆழம் சில விரற்கடை. பஞ்சபாண்டவர் மலையிலிருந்து பார்வையைத் திருப்பினால், பக்கத்திலேயே இன்றைய வியாபாரம் வெட்டிய பள்ளங்கள் தெரிகின்றன. அவற்றின் ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது.

கண்மாய்க்கு ஆதாரமே குன்றுதான்

வெறும் பாறைதானே, வெட்டினால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். மேலூர் பக்கத்து விவசாயிக்கு அந்தக் கேள்வியே எழாது.

மழை பெய்யும்போது பாறை ஒரு சொட்டைக்கூடக் குடிப்பதில்லை. முழுவதையும் வழித்துக் கீழே அனுப்பிவிடும். அதில் கொஞ்சம் பாறை மேலுள்ள குழிகளில் சுனையாகத் தங்கும். கொஞ்சம் அடிவாரத்து மண்ணில் இறங்கிக் கிணறுகளுக்குப் போகும். மீதி ஓடைகளிலும் வரத்துக்கால்களிலும் ஓடிக் கண்மாயில் சேரும். அது நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இப்படி ஒன்றின் மிச்சத்தில் இன்னொன்று வாழும் சங்கிலி இது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, குன்று.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின், மேலூர் வட்டாரத்துக்கும் கால்வாய்த் தண்ணீர் கிடைத்தது. ஆனாலும், பெரும்பகுதி ஒருபோக நிலம். கால்வாயின் கடைசிப் பகுதியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் எப்போதும் கெஞ்சி வாங்கும் பொருள்தான். வானம் தரும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் கண்மாய்கள்தான் அவர்களுக்குச் சொந்தச் சேமிப்பு.

குவாரி வந்தபோது குன்று மட்டும் போகவில்லை. கழிவுக் கற்கள் ஓடைகளிலும் வரத்துக்கால்களிலும் கண்மாய்களிலும் கொட்டப்பட்டன. சில இடங்களில் நீர்வழி இருந்த தடமே மறைந்தது. மழை பெய்தாலும் தண்ணீருக்குப் போக வழி தெரியவில்லை.

2012-ல் நின்ற சத்தம்

2012 மே மாதம், அப்போது மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ.சகாயம், சட்டவிரோதக் குவாரிகளால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டு அரசுக்கு அறிக்கை அனுப்பினார். சில நாள்களில் அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். ஆகஸ்டில் அந்த அறிக்கை வெளியே தெரியவந்து தமிழகமே பரபரப்பானது. அதிகாரிகளின் குழுக்கள் குவாரி குவாரியாக அளக்கத் தொடங்கின. கிரேன்கள் நின்றன. லாரிகள் நின்றன.

டிராஃபிக் ராமசாமி தொடர்ந்த பொதுநல வழக்கில், 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயத்தையே விசாரணை ஆணையராக நியமித்தது. ஊர் ஊராகச் சென்று மக்களிடம் மனு வாங்கி, 2015 நவம்பரில் அவர் அறிக்கை தாக்கல் செய்தார். அதில் இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. இடையே, நரபலி புகார் தொடர்பாகச் சின்னமலம்பட்டியில் தோண்டவிருந்த இடத்தில் ஆதாரம் கலைந்துவிடக் கூடாது என்று இரவில் சுடுகாட்டிலேயே அவர் படுத்திருந்த காட்சியை, தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சத்தம் நின்றதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நிம்மதி இல்லை. லாரி ஓட்டியவர்கள், கம்பரசர் பிடித்தவர்கள், கல் அறுக்கும் கூடங்களில் தினக்கூலிக்கு நின்றவர்கள், சாலையோரம் டீக்கடை வைத்தவர்கள் என்று பலருக்கும் ஒரே நாளில் வருமானம் போனது. நிலத்தைக் குவாரிக்கு விற்றவர்களுக்குத் திரும்பிப் போக வயலும் இல்லை. குவாரி மூடியது என்றால் நல்லது நடந்துவிட்டது என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாத கதை இது.

வழக்குகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கின. தலைப்புச் செய்தி நாலாம் பக்கத்துக்குப் போனது. பிறகு காணாமலும் போனது. பள்ளங்கள் மட்டும் அப்படியே கிடந்தன.

பள்ளம் குளம் ஆகாது

மழைத் தண்ணீரும் பாறை இடுக்குகளில் கசிந்த தண்ணீரும் சேர்ந்து பள்ளங்களை நிரப்பின. தூரத்திலிருந்து பார்க்க அழகுதான். மீன்கொத்தி ஒன்று கம்பி அறுத்த பாறை விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுமுகத்தில் துளைபோட்ட கோடுகள் சீப்பின் பற்கள்போல் இறங்கும்.

அந்த அழகுதான் ஆபத்து. கைவிடப்பட்ட குவாரிகளில் குளிக்க இறங்கிய சிறுவர்கள், இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள் என்ற செய்தி, தமிழகத்தில் ஏதாவது ஓர் ஊரிலிருந்து கோடை விடுமுறைதோறும் வந்துகொண்டே இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் அதில் உண்டு.

காரணம் எளிது. கண்மாய்க்குச் சரிவான கரை இருக்கும். இறங்க இறங்கத்தான் ஆழம் கூடும். குவாரியில் கரையே கிடையாது. ஒரு அடி எடுத்து வைத்தால் படி, அடுத்த அடியில் அதலபாதாளம். வெட்டுமுகம் வழவழப்பாக இருப்பதால் பிடித்து ஏற இடமில்லை. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் உள்ளே போனதும் சில்லென்று மாறும், உடம்பு விறைக்கும். தண்ணீருக்குள் என்னென்ன கற்கள் கூராக நிற்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, வயலுக்கு உதவாதா என்று கேட்கலாம். கண்மாயில் தண்ணீர் வயலைவிட மேட்டில் நிற்கிறது. மடையைத் திறந்தால் தானாகப் பாயும். குவாரித் தண்ணீரோ தரைமட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. மோட்டார் வைத்து இறைத்தால்தான் மேலே வரும். ஊருக்குப் பொதுவாக இருந்த தண்ணீர், யாருக்கும் எட்டாத கிடங்கில் பூட்டப்பட்டதுபோல் ஆகிவிட்டது. பாறை போனதால் ஏற்பட்ட நஷ்டத்தைவிட, தண்ணீரின் பாதை மாறியதால் ஏற்பட்ட நஷ்டம் நீண்ட காலம் நீடிக்கக்கூடியது.

பிழைத்துக்கொண்ட பக்கத்து மலை

இழந்தது என்ன என்று தெரிய வேண்டுமானால், வெட்டப்படாத மலை ஒன்றைப் பார்க்க வேண்டும். அதற்கு அதிக தூரம் போக வேண்டாம். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது அரிட்டாபட்டி.

ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். ஏறத்தாழ 200 சுனைகள், 72 ஏரி குளங்கள், 3 தடுப்பணைகள் இந்தப் பகுதியில் இருப்பதாக அரசின் அறிவிப்பு சொல்கிறது. சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகள் இந்தப் பாறைகளை நம்பி வாழ்கின்றன. அவற்றுக்குச் செங்குத்துப் பாறையின் விளிம்புதான் வீடு. தேவாங்கும் எறும்புதின்னியும் மலைப்பாம்பும் உண்டு. சமணப் படுக்கையும், தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கின்றன. அந்தக் குடைவரையில் உள்ள லகுலீசர் சிற்பம் தமிழகத்தில் அரிதான ஒன்று.

கிரானைட் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே தங்கள் மலைக்குக் குவாரி வரக் கூடாது என்று போராடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரமாக மாற்றும் திட்டம் பேசப்பட்டபோதும் எதிர்ப்பு கிளம்பியது. அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை', மாதந்தோறும் மதுரை மக்களை இந்தக் குன்றுகளுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியது. குழந்தைகளும் தாத்தா பாட்டிகளுமாக நடந்து போய், கல்வெட்டைத் தொட்டுப் பார்த்து, மரத்தடியில் இட்லி சாப்பிட்டுத் திரும்பும் நடை அது. ஒரு மலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், முதலில் அதை நாலு பேர் பார்த்திருக்க வேண்டும்.

2022 நவம்பர் 22 அன்று அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேர் பகுதி, தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இனி கவலையில்லை என்று ஊர் நினைத்தது. இரண்டே ஆண்டுகள். 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாக மத்திய அரசு அறிவித்தது. சுரங்கப் பகுதி சுமார் 5,000 ஏக்கர். பாரம்பரியத் தலமும் அதற்குள் வந்தது.

குவாரி என்றால் என்ன என்று பக்கத்திலேயே பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. ஊர் ஊராகக் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கானோர் பேரணியாகக் கிளம்பினார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்துசெய்தது.

அரிட்டாபட்டி பிழைத்ததில், வெட்டுப்பட்ட மலைகளுக்கும் பங்கு உண்டு. நாளைக்கு நம் ஊர் எப்படி ஆகும் என்பதைக் காட்டும் சாட்சிகளாக அவை நின்றன.

இனி என்ன செய்யலாம்?

வெட்டிய மலையை மறுபடி ஒட்டவைக்க முடியாது. ஆனால், பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டுவிட வேண்டும் என்றும் இல்லை. கனடாவின் விக்டோரியா நகரம் அருகே, சுண்ணாம்புக்கல் தோண்டித் தீர்ந்த குவாரி ஒன்று, உலகமே பார்க்க வரும் புச்சார்ட் பூந்தோட்டமாக மாறியிருக்கிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், சென்னை மாங்காடு அருகே சிக்கராயபுரத்தைப் பார்க்கலாம். 2017 வறட்சியில் அங்குள்ள பழைய கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சோதித்து, சுத்திகரித்து, சென்னைக்குக் குடிநீராக அனுப்பினார்கள்.

மேலூரில் செய்ய வேண்டியதன் வரிசை ஓரளவு தெளிவு. முதலில் ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் உறுதியான வேலி, எச்சரிக்கைப் பலகை. அடுத்து, ஓடைகளிலும் கண்மாய் வரத்துக்கால்களிலும் கிடக்கும் கழிவுக் கற்களை அகற்றித் தண்ணீருக்கு வழிவிடுவது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். எந்த ஓடை எங்கே ஓடியது என்பது ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரியும், வருவாய்த்துறையின் புல வரைபடத்திலும் இருக்கும். கடைசியாக, சோதித்துப் பார்த்துப் பயன்படக்கூடிய பள்ளங்களை நீர்த்தேக்கமாக மாற்றுவது. தோண்டிய நிலத்தைச் சீரமைத்துத் தர வேண்டும் என்று 1999-ம் ஆண்டின் கிரானைட் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. சட்டம் புதிதாக எழுத வேண்டியதில்லை.

இதைத் தள்ளிப்போட நேரமில்லை. 2023 அக்டோபரில் சேக்கிபட்டி, அய்யாபட்டி, திருச்சுனை ஆகிய ஊர்களில் புதிய கிரானைட் குவாரிகளுக்கு ஏல அறிவிப்பு வந்தது. மக்கள் எதிர்த்ததால் ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. பழைய பள்ளத்துக்கு வேலி போடும் முன்பே புதுப் பள்ளத்துக்குப் பேச்சு வந்துவிட்டது என்பதை, அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு...

அடுத்த விடுமுறைக்குக் கொடைக்கானல் போகாமல் இந்தப் பக்கம் வர நினைத்தால், விடியற்காலையில் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அவசியம். கீழவளவு பஞ்சபாண்டவர் மலை, அரிட்டாபட்டி குடைவரை இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கற்படுக்கையில் பெயர் கிறுக்காதீர்கள். குவாரிப் பள்ளத்தைத் தூரத்திலிருந்து மட்டும் பாருங்கள். விளிம்பில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம், தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். கூடவே பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

அவர்களிடம் இரண்டு பள்ளங்களையும் காட்டலாம். ஒன்று, தொண்டிக்காரர் யாருக்கோ செய்து கொடுத்தது. 2,000 ஆண்டுகளாக அதில் யார் வேண்டுமானாலும் முதுகு சாய்க்கலாம். இன்னொன்று, சில ஆண்டுகளில் வெட்டி முடித்தது. அதைச் சுற்றி ஒரு வேலி போடக்கூட இன்னும் ஆள் வரவில்லை.